பிள்ளைகளோடு பனிச்சறுக்கு: எந்த ஊருக்குப் போகலாம்?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது மளிகைக்கடை நண்பர் ஒருவர், "அண்ணே, குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போய் வந்தீர்களே, எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எந்த ஊருக்குப் போகலாம்?" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

கடைக்காரனுக்கு எங்கே என்பதைவிட எப்போது என்பதுதான் முதல் கேள்வி. இமயமலைப் பக்கம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பனி இருக்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம் என்றால், நம் பக்கம் டிசம்பர் 31 அன்று திருத்தணியில் திருப்படித் திருவிழா. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் பூஜை நடக்கிற அந்த நாளில், அரக்கோணம் சந்திப்பில் இறங்கிப் போகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு யார் கடையை விட்டுப் போவார்? அதே வாரத்தில்தான் டெல்லிக்காரர்கள் எல்லோரும் மலைக்கு ஏறுகிறார்கள். அறை வாடகையும் கூடிவிடும். பொங்கல் வியாபாரம் முடிந்து, அடுத்த மாதம் முதல் தேதி மளிகைச் சாமான் எடுப்பு தொடங்கும் வரை ஒரு பத்து நாள் கல்லா மந்தமாக இருக்கும். அந்தப் பத்து நாள்தான் நமக்கு உரியது. குல்பர்கா புதுத் துவரை வரத்து அப்போதுதான் சூடு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் விலை பேச இப்போது போன் போதும். எங்கள் மண்டியில் அப்பா காலத்திலிருந்தே முதலாளி சேர்ந்தாற்போல் பத்து நாள் இல்லாமல் இருந்ததில்லை. கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

நாங்கள் போனது 2023 ஜனவரியில். நாங்கள் இருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஆறு டிக்கெட். ஆறு பேரில் ஒருவர்கூட அதற்கு முன் பனியை மிதித்ததில்லை. முதலில் தேர்ந்தெடுத்த ஊர் உத்தராகண்டில் உள்ள ஔலி. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடம். அகலமான நல்ல சரிவுகள். ஜோஷிமட்டிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி வண்டியும் அப்போது இருந்தது. ஒரு பயண ஏஜெண்டிடம் ஆறு பேருக்கும் முன்பணம் கட்டினோம்.

ஜனவரி முதல் வாரம் செய்தி வந்தது. ஜோஷிமட் ஊரே மண்ணில் இறங்குகிறது, நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல், குடும்பங்களை முகாம்களுக்கு மாற்றுகிறார்கள், கம்பி வண்டி நிறுத்தம் என்று. ஒரு ஊரே தவிக்கும்போது அங்கே விளையாடப் போவதா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது சரிதான். ஏஜெண்ட் பாதிப் பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார். மீதி இன்றுவரை வராக்கடன். சரக்கு வருமுன் முழுப்பணம் கொடுக்காத நாம், பயணம் என்றதும் எப்படிக் கொடுத்துவிடுகிறோம் என்பது தெரியவில்லை. முதல் இரவு வாடகையை மட்டும் கட்டுங்கள். மீதியை அங்கே போய்க் கொடுக்கலாம்.

அடுத்து காஷ்மீரத்துக் குல்மார்க் பற்றி விசாரித்தோம். இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர் போனது அதுதான். கற்போருக்கென்று கீழே நல்ல மைதானம் இருக்கிறது. ஆனால் பெயருக்கேற்ற கூட்டமும் இருக்கிறது. மேலே அபர்வத் சிகரச் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கே ஆபத்தானவை. நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில், பிப்ரவரி 1ஆம் தேதி, அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மணாலிக்கு அருகே உள்ள சோலாங்கும் சிம்லாவை ஒட்டிய குஃப்ரியும் சந்தை நாள் மாதிரி. குஃப்ரியில் குதிரைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

கடைசியில் முடிவு செய்த இடம் நார்கண்டா. சிம்லாவிலிருந்து திபெத் எல்லைக்குப் போகும் பழைய சாலையில் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவு. உயரம் சுமார் 2,700 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தும் அங்கே உறைபனியோடு நின்றுவிடுகிறது. நார்கண்டா வடக்கே வெகுதூரத்தில் இருப்பதால் அங்கே பனி கொட்டுகிறது. ஒரே கடைத்தெரு, சின்ன விடுதிகள், இரவு எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். சிம்லாவில் பெரிய மருத்துவமனை இருக்கிறது; சாலை திறந்திருந்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும்போது இதைப் பார்க்காமல் இடம் பிடிக்கக் கூடாது.

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து இரவு ரயிலில் கால்கா, விடியற்காலையில் சிம்லாவுக்குச் சின்ன ரயில். 1903இல் திறந்த பாதை. 96 கிலோமீட்டரில் 102 சுரங்கங்கள். பேரன் எண்ணிக்கொண்டே வந்து எழுபதில் தூங்கிவிட்டான்.

இனி சறுக்கு விஷயம். புதிதாகக் கற்பவர்கள் சரிவின் உச்சியைப் பார்க்க வேண்டாம், அடியைப் பாருங்கள். சரிவு முடிகிற இடம் அகலமான சமதளமாகவோ, சற்று மேடாகவோ இருந்தால், நிறுத்தத் தெரியாதவனும் தானாக நின்றுவிடுவான். மரமோ, பள்ளமோ, சாலையோ இருந்தால் அந்த இடம் நமக்கு வேண்டாம். நார்கண்டாவில் நாங்கள் கற்ற சரிவு ரயில் நிலைய நடைமேடை நீளம்கூட இராது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மேட்டில் பக்கவாட்டாகப் படி ஏறுவதுபோல் ஏறி, ஒரு நிமிடத்தில் கீழே வந்து, மறுபடி ஏற வேண்டும். காலையில் பத்து முறை ஏறினால் பசி கொன்றுவிடும்.

பலகை ஆளின் மோவாய் உயரத்துக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் வேகம் கூடும், திருப்புவது கடினம். காலணி வாடகைக்குத்தான் கிடைக்கும். இரும்புப் பெட்டிபோல் விறைப்பாக இருக்கும். குதிகால் தூக்கக் கூடாது, விரல்கள் அசைய வேண்டும். இது சரியில்லை என்றால் கூச்சப்படாமல் மூன்று ஜோடி மாற்றிப் பாருங்கள். பயிற்றுநரிடம் எத்தனை மணி நேரம், ஆளுக்கு எவ்வளவு, பலகையும் காலணியும் சேர்த்தா இல்லையா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். பருப்பு வியாபாரத்தில் கற்ற நம் அரைகுறை இந்தியே இதற்குப் போதுமானதாக இருந்தது.

முதல் பாடம் விழுவது. முன்னால் விழக்கூடாது, பக்கவாட்டில் உட்கார்வதுபோல் விழ வேண்டும். இரண்டாவது பாடம் நிறுத்துவது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கிக் குதிகால்களை அகற்றினால் ஆப்பு வடிவம் வரும். உள்விளிம்பு பனியைக் கீறி வேகம் குறையும். பேத்திக்கு அரை மணியில் வந்துவிட்டது. மகனுக்கு ஒரு நாள் ஆனது. எங்களுக்கு வலது முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். அறுபதைக் கடந்தவர்கள் வீரம் காட்டாமல் சமதளத்தில் நடந்து பார்த்தாலே போதும்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். திருமணமாகி நாற்பது ஆண்டுகளில் திருப்பதிக்கு அப்பால் எங்களோடு வந்ததில்லை. மூன்றாம் நாள் பேத்தி கையைப் பிடித்து இழுக்க, புடவைக்குள் கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு பலகையில் ஏறினார்கள். பத்தடி போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து, "இன்னொரு தடவை" என்றார்கள். இதுநாள்வரை அவர்களிடம் நாங்கள் கேட்டிராத வார்த்தை அது. கடையில் இன்னொரு லோடு வரட்டும், இன்னொரு ஆண்டு போகட்டும் என்று இன்னொன்று சொன்னதெல்லாம் நாங்கள்தான்.

காலையில் பனி ரவைபோல் உதிரியாக இருக்கும். மதிய வெயிலில் இளகி, மாலையில் கல் உப்பாக இறுகிவிடும். அதனால் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் நல்ல நேரம். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போனோம். இரவில் குழாய் உறைந்துவிடும் என்பதால் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பிற்பகல் கோட்கட், தானேதார் பக்கம் போய்வந்தோம். நம் பழக்கடைகளில் சிம்லா ஆப்பிள் என்று விற்கிறோமே, அதன் தாய்வீடு இந்தப் பகுதிதான். 1904இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் தம் நாட்டு ஆப்பிள் கன்றுகளை இங்கே கொண்டுவந்து நட்டார். கட்டாய உழைப்பை எதிர்த்து மலைமக்களுக்காகப் போராடியவர். 1921இல் சிறை சென்றார். பின்னர் இந்துவாகி சத்தியானந்தர் ஆனார். அங்கே தோட்டக்காரர் ஒருவர், பனி விழுந்தால்தான் தமக்கு வருமானம் என்றார். ஆப்பிள் மரம் காய்க்க, குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கடுங்குளிர் வேண்டுமாம். நாம் விளையாடுகிற பனி அவர்களுக்கு எரு.

அந்தப் பனி இப்போதெல்லாம் சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க்கிலேயே புல் தெரிந்தது. எனவே டிக்கெட் எடுத்த பிறகும், கிளம்புவதற்கு மூன்று நாள் முன் விடுதிக்குப் போன் செய்து, "பனி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக என்றைக்கு விழுந்தது, சாலை திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள்.