"இதுல பாம்பு இல்ல சார்!"

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளியின் பின்புறச் சுவரோரம் ஒரு வளை தென்பட்டது. பாம்பு வளையாக இருக்குமோ என்று பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இருளர் குடியிருப்பு மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "இதுல பாம்பு இல்ல சார்" என்றான். குரலில் தயக்கமே இல்லை. "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே, வகுப்புக்குப் போ" என்று விரட்டிவிட்டேன். மறுநாள்தான் கவனித்தேன். வளையின் வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. சில நாட்களாக அதில் எதுவும் போய்வரவில்லை. அவன் பார்த்தது அதைத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லையே!

தன்னம்பிக்கை வேண்டும் என்று வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கிறோம். அதே தன்னம்பிக்கை ஓர் ஆளாக நம் எதிரே வந்து நின்றால் திமிர் என்கிறோம், தலைக்கனம் என்கிறோம். மாணவனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறோம். புதிதாக வந்த உடன் ஆசிரியர் என்றால் அவர் அறையை விட்டுப் போனபின் சொல்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். திமிரையும் தன்னம்பிக்கையையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு நல்ல பாடம் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கி வந்தால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வரும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அந்த வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தின. இருளர்களின் பிழைப்பு போனது. அவர்களின் அறிவு மட்டும் மிச்சமிருந்தது. அதை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பியது 1978இல் தொடங்கிய இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து வருவார்கள். சில வாரங்கள் மண்பானைகளில் வைத்து நஞ்செடுப்பார்கள். பிறகு மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இந்தப் பானைகளிலிருந்து போனதுதான்.

இந்த மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இருவரும் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர்கள். 2017 ஜனவரியில் இவர்களை அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் வரவழைத்தது. செல்லப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்டு வெளியே பரவிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாதம் போட்டி வைத்துத் தேடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டும் சிக்கியவை 106 பாம்புகள்தான். நம்மவர் இருவரும் மொழிபெயர்ப்பாளர்களோடு போய் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. போட்டிக்கு வந்தவர்களில் பலர் பழக்கமில்லாதவர்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் என் மனதில் நிற்பது எண்ணிக்கை அல்ல. அங்கே வழக்கமாகச் சாலையோரமும் கரைமேடுகளிலும்தான் தேடுவார்கள். இவர்களோ நேரே அடர்ந்த புதருக்குள் போனார்கள். முன்பின் பார்த்திராத நாடு, பழகாத இனப் பாம்பு, புரியாத மொழி. விருந்தாளியாகப் போன இடத்தில் 'நீங்கள் தேடும் இடத்தில் தேட மாட்டோம்' என்று இரண்டு பேர் நடந்து காட்டினால் நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? தடம், எச்சம், உரித்துப் போட்ட சட்டை, மண் கிடக்கும் விதம் என்று கண்முன் கிடக்கும் சான்றுகளிலிருந்து வருகிறது. தவறான வளையைத் தோண்டினால் அரை நாள் கூலி போகும். தவறாகக் கை வைத்தால் உயிரே போகும். தப்பு செய்தால் அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிடும் வேலை அது. டேனியல் கானமன், கேரி க்ளெய்ன் ஆகிய இரு உளவியலாளர்கள் இதைப் பற்றி 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வல்லுநர்களின் உள்ளுணர்வை நம்பக்கூடாது என்பவர் ஒருவர், நம்பலாம் என்பவர் மற்றவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வந்த முடிவு இது: ஒருவர் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பதை வைத்து அவர் சொல்வது சரியா என்று தீர்மானிக்க முடியாது. அவர் வேலை செய்யும் களத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா, தன் கணிப்பு சரியா தவறா என்று அவருக்கு அவ்வப்போது தெரியவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்றே உறுத்தியது. பாம்பு பிடிப்பவருக்குப் பதில் உடனே கிடைக்கிறது, நமக்கு? "இவனுக்குக் கணக்கு வராது" என்று ஜூன் மாதத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். பிறகு அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவதே இல்லை. ஆண்டு இறுதியில் அவனுக்குக் கணக்கு வரவில்லை. சொன்னது பலித்துவிட்டது என்று நமக்கு இன்னும் உறுதி கூடுகிறது. இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதில் எவ்வளவு பகுதி சோதித்துப் பார்த்தது?

அதனால் இப்போதெல்லாம் யாராவது அடித்துச் சொன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: "எப்படித் தெரியும்?" குறுக்கு விசாரணை போல அல்ல, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும். வெறும் பேச்சாக இருந்தால் அங்கேயே கோபம் வரும். தொழில் தெரிந்தவருக்கோ இந்தக் கேள்வி பிடிக்கும். வளைக்குப் பக்கத்தில் நம்மையும் குனிய வைத்துக் காட்டுவார். 'இங்கே இல்லை' என்பதையும் 'இது எனக்குத் தெரியாது' என்பதையும் 'இருக்கிறது' என்று சொன்ன அதே குரலில் சொல்வார். பாம்பு பிடிப்பவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இந்தக் குணத்தைத்தான்.

எங்கள் பள்ளிக்குக் கணித ஆசிரியை ஒருவர் புதிதாக வந்தார். முதல் மாதக் கூட்டத்திலேயே, "வாய்ப்பாட்டைத் தினமும் ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிடலாம், பலன் இல்லை" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பற்றி நாங்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. இரண்டு வாரம் கழித்து அவரிடம் போய், "எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொன்னீங்க?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எந்தப் பெருக்கலில் தடுமாறுகிறான், ஒப்பித்த மறுநாள் கணக்கில் அதைப் பயன்படுத்தினானா என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் மூன்று பக்கங்களில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினார். அவற்றில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தது.

"இந்த மூணு பேருக்கும் என்னோட முறையும் ஒத்து வரல சார். ஏன்னு தெரியல. நீங்க போன வருஷம் இவங்களுக்கு எடுத்திருக்கீங்கல்ல, எப்படி எடுத்தீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.