எவர்சில்வர் டம்ளரும் பிளாஸ்டிக் மக்கும்

எங்கள் ஊர் கிள்ளை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் எங்களுக்குப் புதிதல்ல. தலையில் தொப்பி, தோளில் கேமரா, வெயிலில் கன்றிய முகம் என்று போவார்கள். நாங்கள் திண்ணையிலிருந்து சிரிப்போம், அவர்களும் சிரிப்பார்கள். அதோடு சரி.

போன வருஷம் மாசி மாதத்தில் மட்டும் ஒரு தம்பதி எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படகில் போய்விட்டு வந்தவர்கள். மடியில் ஒன்றரை வயது ஆண் குழந்தை. இரண்டு தரம் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தது. எம்.எஸ்ஸி. படிக்கும் என் மகள் ஆங்கிலத்தில் விசாரித்தாள். மெக்சிகோ நாட்டுக்காரர்களாம். 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நடக்கிறதே நாட்டியாஞ்சலி, அதைப் பார்க்க வந்தவர்களாம்.

அப்புறம் எங்கள் தெருவைப் பார்க்கணுமே! ஒருத்தர் இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். எதிர்வீட்டு அக்கா அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். என் மாமியார் சைகையிலேயே, "தாய்ப்பாலை நிறுத்தாதே" என்று அந்தப் பெண்ணுக்குப் புரிய வைத்துவிட்டார். நல்ல பாய் விரித்து, மின்விசிறி போட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். மத்தியானம் சாதம், பறங்கிக்காய்க் கூட்டு, மோர். பறங்கிக்காயைப் பார்த்ததும் அந்தப் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். அவள் ஊர்க் காயாம் அது!

சாயந்திரம் குழந்தை தெளிந்து, டம்ளரைத் தரையில் தட்டி விளையாடியது. என் வீட்டுக்காரரே ஆட்டோ பிடித்து அவர்களைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கிளம்பும்போது அந்தப் பெண் என் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு எனக்கு வேறு பேச்சே இல்லை. "என்ன இருந்தாலும் நம்ம ஊர் உபசாரம் தனிதான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனேன்.

இன்னொரு மத்தியானம்

வைகாசி பிறந்தது. தெருமுனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தன. ஒரு நாள் உச்சி வெயிலில் எங்கள் கேட்டை யாரோ ஆட்டினார்கள். போய்ப் பார்த்தேன். இருபது வயதுகூட நிரம்பாத மாதிரி ஒரு பெண், இடுப்பில் குழந்தை. "பானி... பானி..." என்றாள்.

சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. போனில் வந்த செய்திகளெல்லாம் நினைவுக்கு வந்தன. 'வடக்கிலிருந்து வருகிறவர்களை நம்பாதே, வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள், பிள்ளை பிடிக்கிறார்கள்.' கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் குழாயடியில் கிடந்த பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்து, கம்பிகளுக்கு நடுவே நீட்டினேன். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றிக் குழந்தையின் உதட்டை நனைத்தாள். மக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள்.

"யாரும்மா அது?" என்று மாமியார் கட்டிலிலிருந்து கேட்டார்.

"யாரோ வடக்கத்திக்காரி, அத்தை. தண்ணி கேட்டா. குடுத்தனுப்பிட்டேன்."

"எதுல குடுத்தே?"

எனக்கு வாய் எழவில்லை.

"அன்னிக்கு வந்தவளும் வேத்து ஊர்க்காரிதான். அவ கடல் தாண்டி வந்தா, எவர்சில்வர் டம்ளர். இவ ரயிலேறி வந்தா, மக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுனாமியன்னிக்கு நாம எப்படி நின்னோம்னு மறந்துட்டியா?" என்றார்.

மறக்கக் கூடியதா அது? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு பக்கமிருந்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். 'மறுபடி தண்ணி வருது' என்று யாரோ கத்த, நாங்களும் கட்டிய துணியோடு சிதம்பரத்துக்கு ஓடினோம். இப்போது எம்.எஸ்ஸி. படிக்கும் மகள் அப்போது என் இடுப்பில் பத்து மாதக் குழந்தை. பெயர் தெரியாத ஒரு தெருவில், முன்பின் பார்த்திராத ஒரு வீட்டு வாசலில் நின்றோம். அந்த வீட்டு அம்மா எந்த ஊர், என்ன ஜாதி என்று எதுவும் கேட்கவில்லை. "உள்ள வாங்க, முதல்ல குழந்தைக்குப் பால் குடுங்க" என்றார். அன்று அவர் கொடுத்ததும் எவர்சில்வர் டம்ளர்தான்.

அதற்குமேல் எனக்கு உட்காரப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். குழந்தைக்கு முந்தைய ராத்திரியிலிருந்து பேதி. கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. பால் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அந்தச் சின்னப்பெண் தாய்ப்பாலை நிறுத்தி வைத்திருந்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே போனார் அக்கா. "ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்மா" என்றார் நர்ஸ். அந்த வார்த்தை இன்னமும் என் காதில் இருக்கிறது. ஒரு மக்குத் தண்ணீரோடு அனுப்பிவிட்டு நான் தூங்கப் போயிருந்தால்?

இளம் தாய்மார்கள் குறித்துக்கொள்ள

காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். அதில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கலக்குங்கள். அளவு கூடக்கூடாது, முக்கியமாக உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுதான் மேல். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு எதையும் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

பயம் எங்கிருந்து வருகிறது?

அன்று ராத்திரி என் மனசையே நான் கேட்டுப் பார்த்தேன். என்னைப் பயமுறுத்தியது அந்தப் பெண்ணா, போனில் வந்த வதந்தியா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது நினைவிருக்கும். குலதெய்வம் கோவிலுக்குப் போன சென்னைக் குடும்பம் அது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அவர் வடக்கத்திக்காரர்கூட இல்லை, நம் தமிழ்ப் பெண்மணி. 2023 மார்ச்சில் இது தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவ, எத்தனையோ பேர் வேலையை விட்டு ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தபோது எல்லாம் புரட்டு என்று தெரிந்தது. நாம் அவர்களைக் கண்டு பயப்படுகிறோம், அவர்கள் நம்மைக் கண்டு பயப்படுகிறார்கள்!

வருகிறவர்களால் நமக்குக் கெடுதல்தான் என்பதும் சரியில்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் கடல் தாண்டி வந்து 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரை யாராவது வந்தேறி என்பார்களா? அதே கடலைத் தாண்டி 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்களை மட்டும் 'அகதி' என்று ஒதுக்கி வைத்தோம். எங்கள் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலேயே முகாம் உண்டு. 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நல்ல காரியம். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே தாயாகியும் இன்னமும் குடியுரிமை இல்லாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காக எங்கள் கடற்கரைக்கு எழுந்தருளுவார். கிள்ளை தர்காவில் முஸ்லிம் பெரியவர்கள் மாலை மரியாதையோடு அவரை வரவேற்பார்கள். வருகிற சாமியையே மதம் பார்க்காமல் வரவேற்கிற ஊரில் இருந்துகொண்டு, வாசலுக்கு வந்த ஒரு தாய்க்கு நான் கேட்டைத் திறக்கவில்லை.

ரயிலுக்குச் சோறு எறியும் பெண்கள்

மெக்சிகோக்காரர்கள் வந்துபோனதிலிருந்து அந்த நாட்டைப் பற்றி எது கிடைத்தாலும் என் மகள் பார்ப்பாள். ஒரு நாள், "அம்மா, இதைப் பாரேன்" என்று போனைக் காட்டினாள். வெராக்ரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்று ஒரு கிராமம். ஊர் ஓரமாகச் சரக்கு ரயில் ஓடுகிறது. ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடார் நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அதன் கூரையிலும் படிகளிலும் தொற்றிக்கொண்டு போவார்கள். 1995-ல் கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்கி வந்த அக்கா தங்கைகள் இரண்டு பேரைப் பார்த்து, 'அம்மா, பசிக்குது' என்று ரயிலிலிருந்து குரல் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் கையிலிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சொன்னால் திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே போனால், அவர்கள் அம்மா, 'நாளையிலிருந்து நாமே சமைத்துக் கொடுப்போம்' என்று சொல்லிவிட்டார்!

அன்றிலிருந்து தினமும் சோறும் பீன்ஸும் பொட்டலம் கட்டி, தண்ணீர் பாட்டில்களோடு தண்டவாளத்தின் ஓரம் நிற்கிறார்கள். ரயில் நிற்காது. ஓடுகிற ரயிலில் நீளுகிற கைகளுக்குப் பொட்டலத்தை எட்டிக் கொடுக்கிறார்கள். ஊரின் பெயரிலேயே 'லாஸ் பத்ரோனாஸ்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். அதை நடத்திவரும் நார்மா ரொமேரோவுக்கு 2013-ல் மெக்சிகோவின் தேசிய மனித உரிமைப் பரிசு கிடைத்தது. பணக்காரர்கள் இல்லை, நம்மைப் போல அடுப்படிப் பெண்கள். அந்த நாட்டிலும் 'இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்' என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில்தான் இந்தப் பெண்கள் உலை வைக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது. நாம் அரைக்கிற மிளகாய், நறுக்குகிற தக்காளி, பப்பாளி எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். எங்களுக்குப் பக்கத்து ஊர் பரங்கிப்பேட்டை. பறங்கி என்றால் அயல்நாட்டான். பறங்கிக்காய் என்றால் அவன் கொண்டுவந்த காய். இன்று அது இல்லாமல் எங்கள் பக்கம் பொங்கல் உண்டா? அடுக்களைக்குள் விட்டதை வாசலில் நிறுத்துகிறோம்!

நம்மால் ஆனது

கண்ணை மூடிக்கொண்டு யாரையும் வீட்டுக்குள் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜாக்கிரதை வேண்டியதுதான். யாரை நாட்டுக்குள் விடுவது, யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்பதெல்லாம் சர்க்கார் காரியம். வாசலில் நடப்பது நம் காரியம். வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் உங்கள் தெருவில் இருந்தால் இவற்றைச் செய்யலாமே:

* அவர்களுடைய குழந்தைகளும் அங்கன்வாடிக்கு வரலாம், தடுப்பூசியும் இலவசம். பல தாய்மாருக்கு இது தெரியாது. ஒரு தரம் கூடப் போய்க் காட்டிக்கொடுங்கள்.

* 2020 அக்டோபரிலிருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அதில் வருகிற ரேஷன் அட்டை அவர்களிடம் இருந்தால் இங்கேயே அரிசி வாங்கலாம். எடுத்துச் சொல்லுங்கள்.

* அவசரத்துக்கு 108, ஆதரவில்லாத குழந்தைக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கொடுங்கள்.

* போனில் வருகிற 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் விரலோடு நின்றுவிடட்டும்.

அந்த ஒடிசாக் குழந்தை மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்தது. வேலை முடிகிற வரைக்கும் அந்தப் பெண் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது. இருந்தும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஆவணியில் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பும்போது சொல்லிக்கொள்ள வந்தாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குழந்தை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தரையில் தட்டி விளையாட ஆரம்பித்தது.

அதே எவர்சில்வர் டம்ளர்தான். அதே சத்தம்தான்.