ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கணினி பழுதுபார்க்கும் கடையில் அரை மணி நேரம் நின்றால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: ‘ஃபார்மட் போட்டுரலாமா?’ லேப்டாப் மெதுவாக ஓடுகிறது, வைரஸ் ஏறிவிட்டது, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, நீலத் திரை வந்து நின்றுவிட்டது. நோய் எதுவானாலும் கடையில் தரும் மருந்து அதுதான். வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே கொண்டுபோய்விடுவது. கொண்டுவந்தவரும் உடனே தலையாட்டிவிடுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்; பல நேரம் அவருக்கு அது தெரிந்தே இருக்காது.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்குத் தனி கனம் உண்டு. இங்கே ஏராளமான வீடுகளுக்குள் முதன்முதலில் நுழைந்த கணினி, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கையில் சேர்ந்தன. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் அம்மாக்களின் வீட்டில், மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிவந்த அந்த ஒரே பெட்டிக்குள் குடும்பமே குடியேறியது. அண்ணன் கல்யாண போட்டோ, அப்பாவின் பி.எஃப். விண்ணப்பம், தம்பியின் ஸ்காலர்ஷிப் ஸ்கேன், சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரித்த கணக்கு, கொடை ராத்திரியில் யாரோ செல்போனில் பதிந்த வில்லுப்பாட்டு, எல்லாம் அதற்குள்தான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பெட்டி மட்டும் பீரோ மேலே இருக்கிறது.

இந்த ‘வாங்கின அன்றைய நிலை’ எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கம்பெனியிலிருந்து வரும்போதே ஹார்டு டிஸ்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை ஒதுக்கி, விண்டோஸின் ஒரு நகலை அதில் வைத்து அனுப்புவார்கள். ரிக்கவரி பார்ட்டிஷன் என்பது அதுதான். ஹெச்பி என்றால் எஃப் 11, ஏசர் என்றால் ஆல்ட்டும் எஃப் 10-உம், லெனோவோவில் பல மாடல்களுக்கு ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. பெட்டியை ஆன் செய்யும்போது அதை அமுக்கினால் ஒளிந்திருக்கும் நகல் எழுந்து வந்து தன்னை மறுபடி விரித்துக்கொள்ளும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த வசதி ‘ரீசெட்’ என்று செட்டிங்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. 2020 முதல் நகலை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளவும் வழி உண்டு. நாலு ஜிபி போல டேட்டா செலவாகும்.

ஆனால் கடைக்கு ஒருமுறை போய்வந்த பெட்டிகளில் பெரும்பாலும் அந்த ஒளிந்த பகுதி இருக்காது. பென்டிரைவில் இருக்கும் ஏதோ ஒரு விண்டோஸைப் போடுவதற்காக, ‘இதெல்லாம் வேண்டாத இடம்’ என்று எல்லாப் பார்ட்டிஷனையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அதோடு கம்பெனி கொடுத்த நகலும் போச்சு. அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்திருந்த பாஸ் லினக்ஸும் போச்சு. பிறகு எஃப் 11-ஐ எத்தனை தரம் அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. ஃபார்மட் போடுவதும் ரீசெட் செய்வதும் ஒன்றல்ல என்று இதனால்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரீசெட்டில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று ஒரு வாய்ப்பாவது உண்டு. போட்ட மென்பொருள்கள் போகும், சொந்தக் கோப்புகள் தங்கும். பாதி நோய்களுக்கு அதுவே போதும்.

‘டி டிரைவ்ல இருக்கறது போகாது’ என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. சி டிரைவை மட்டும் அழித்தால் சரிதான். ஆனால் டி டிரைவில் யார் வைக்கிறார்கள்? டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் நாலும் சி டிரைவுக்குள் இருப்பவை. கண்முன்னே டெஸ்க்டாப்பில் தெரிகிறதே என்று நம்பி வைத்ததுதான் முதலில் போகும்.

ஒரு கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய அரசு லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டு ஓர் அம்மா கொண்டுவந்திருந்தார். பேத்தி ஆன்லைனில் பாடம் கேட்க வேண்டுமாம். கடைத் தம்பி கேட்டான்: “உள்ள இருக்கறது எதும் வேணுமாக்கா?”

“என்ன கெடக்கப் போவுது தம்பி? எம்மவ படிச்சதுதான். அழிச்சிரு.”

அழித்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவன் அழிக்கவில்லை. பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி ஹார்டு டிஸ்கை எடுத்து, ஒரு கேஸில் மாட்டித் தன் கணினியில் சொருகினான். ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் ஏழெட்டு. ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொரு நியூ ஃபோல்டர். மூன்றாவது அடுக்கில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் படத்தைத் திரையில் பெரிதாக்கினான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது எங்க மாமால்லா. இந்தப் படம் எங்க கிட்ட இல்லியே” என்றார். வேலை முடிந்தபோது பதினாறு ஜிபி பென்டிரைவ் நிரம்பியிருந்தது. அந்தத் தம்பி செய்ததைத்தான் எல்லாக் கடையிலும் செய்ய வேண்டும் என்கிறேன்: கேட்டால் போதாது, திறந்து காட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

கோப்பு தப்பித்தாலும் எழுத்து தப்பாமல் போவது தமிழுக்கே உள்ள இன்னொரு சங்கடம். வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், கோயில் நோட்டீஸ்கள், திருச்சபை மலர்கள் இந்தப் பக்கம் இன்னும் ஏராளம். அந்த எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பது. ரீசெட் செய்தால் அது போய்விடும். பிறகு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை போலத் தெரியும். கெட்டுப்போச்சு என்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை, எழுத்துருவைத் திரும்பப் போட்டால் அப்படியே வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்களும் உண்டு. ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலிலேயே நகலெடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை.

வேண்டாதது என்று கருதி அழிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. அப்போது திருநெல்வேலிச் சீமையில் இருந்த கரிவலம்வந்தநல்லூருக்கு உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள்; ‘என் சரித்திரம்’ நூலில் அதை எழுதியிருக்கிறார். அழித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழையதை முறைப்படி கழித்ததாகத்தான் நினைத்தார்கள். அதே திருநெல்வேலியில் கவிராயர் வீட்டுக்காரர்கள் ஏடுகளைக் காத்து வைத்திருந்ததால் அவருக்குச் சங்க நூல்களின் பிரதிகளும் கிடைத்தன.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. வீட்டுக்குள் புகுந்த ஆற்று வண்டலில் ஊறிய லேப்டாப்பை, ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் மிச்சமிருப்பதும் எரிந்துவிடும். பெட்டி போனாலும் ஹார்டு டிஸ்கைத் தனியே கழற்றி மீட்க வாய்ப்பு உண்டு. நனைந்து போன சான்றிதழுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது. மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் எடுக்கலாம். கொடைப் பாட்டை எந்த முகாமில் போய்க் கேட்பது?

விற்கும்போது கதை தலைகீழ். வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் அழித்துவிடும் அதே ஃபார்மட், வாங்குகிறவருக்குப் பாதியை விட்டுவைக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் சாதாரண ஃபார்மட், கோப்பு இருக்கும் இடத்தின் குறிப்பை மட்டுமே அழிக்கும். கோப்பு அங்கேயே கிடக்கும். இலவச மென்பொருளாலேயே ஆதார் நகலையும் பாஸ்புக் ஸ்கேனையும் தோண்டி எடுத்துவிடலாம். கைமாற்றுவதானால் ரீசெட்டில் ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதைக் கொடுத்து, உள்ளே போய் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் ‘ஆம்’ ஆக்க வேண்டும். பல மணி நேரம் எடுக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். மின்சாரம் போகாமல் சார்ஜர் சொருகியிருக்கட்டும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி கொடுக்கும் புதிய திட்டத்தை 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. விண்டோஸ் 11 ஓடும் புதுப் பெட்டிகளில் வேறொரு பூட்டு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததும் பல பெட்டிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும். பழுதாகி ரிக்கவரிக்குள் போனால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில்தான் பதிவாகியிருக்கும். கணக்கை யாரோ கடைக்காரர் தன் மெயிலில் போட்டுக் கொடுத்திருந்தால் சாவியும் அவரிடம்தான். அந்தச் சாவி இல்லாமல் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறெங்கே மாட்டினாலும் ஒரு படம்கூட வராது. ஆகவே பெட்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொந்த மெயிலில் கணக்குத் தொடங்கி, சாவியை ஒரு தாளில் எழுதி, டி.சி., ஜாதிச் சான்றிதழ் இருக்கும் ஃபைலுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய பெட்டிகளைப் பொறுத்தவரை, வாங்கின நாளின் நிலைக்கே திரும்புவதிலும் ஒரு சிக்கல். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்த நிலைக்குத் திருப்பி இணையத்தில் இணைத்தால் வைரஸுக்குக் கதவைத் திறந்துவைத்ததாகும். அந்தப் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. படங்களையும் பாட்டுகளையும் பத்திரமாக எடுத்துவிட்டு, எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதில் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால், பாடம் கேட்கவும் தமிழ் 99-இல் தட்டச்சு பழகவும் இன்னும் சில வருஷம் தாராளமாக ஓடும். கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல், பெயர் எழுதி ஒட்டி பீரோவில் வைத்துவிடலாம்.