குதிரைகளின் குடற்பூச்சியும் லத்தியைப் பக்குவம் செய்தலும்

சென்னை மயிலாப்பூரை அடுத்து மந்தைவெளி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது; மந்தை மேய வெளிதான் இல்லை. கிழக்கே மெரினாக் கடற்கரை மணலில் சிறுவர்களை ஏற்றிச் செல்லும் குதிரைகளுக்கும் மேய்ச்சல் நிலம் கிடையாது. அறுத்துக் கட்டிய புல்லைத் தின்று லாயத்தில் நிற்கும் குதிரையையும் குடற்பூச்சி விடுவதில்லை. புல் விளைந்த நிலத்தில் பச்சை லத்தி எருவாக இடப்பட்டிருப்பின், புழுக்குஞ்சுகள் புற்கட்டோடு லாயம் வந்து சேரும். இவ்வாறிருக்க, கிராமத்தில் சொந்தப் புல்தரையில் மேயும் குதிரையைக் குறித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐயனார் கோயில் மண்குதிரை ஒன்றே இப்பீடைக்கு விலக்கு.

பெரும்பாலான பூச்சிகளின் முட்டைகள் லத்தியுடன் வெளிப்பட்டு, உஷ்ணமும் ஈரமும் கூடிய காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய குஞ்சுகளாகின்றன. பனி ஈரத்தில் புல்லின்மீது ஏறும் அவற்றைக் குதிரை மேயும்போது விழுங்குகிறது. சிறு ஸ்ட்ராஞ்சைல் என்னும் இனத்தின் குஞ்சுகள் குடற்சுவரிற் புதைந்து பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, ஒரே சமயத்தில் திரளாக வெளிப்படுவதுண்டு. அப்போது உண்டாகும் கடுங்கழிச்சலால் குதிரை இறக்கவும் நேரும். குட்டிகளைப் பீடிக்கும் உருண்டைப்புழுவின் முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும்.

இரண்டு மாதத்திற்கொருமுறை மருந்து புகட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருப்பதே கேட்டிற்கு மூலமாயிற்று. உலகின் பல பாகங்களில் சிறு ஸ்ட்ராஞ்சைல்கள் பென்பெண்டசோலுக்கும், குட்டிகளின் உருண்டைப்புழுக்கள் 1980-களில் வழக்கத்திற்கு வந்த ஐவர்மெக்டினுக்கும் மசிவதில்லை. வளர்ந்த குதிரைகளுள் ஐந்தில் ஒரு பங்கே மொத்த முட்டைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெளியிடுகின்றன. ஆகவே புது லத்தியைக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பித்து, முட்டைகளை எண்ணச் செய்து, அவர் சொற்படி மருந்து தருதலே உசிதம். 14 நாட்களுக்குப் பின் மீண்டும் எண்ணினால் மருந்து பலித்ததா என்பது விளங்கும்.

அளவைக் குத்துமதிப்பாகக் கொடுத்தலும் தவறு. குறைந்த மருந்து புழுவைக் கொல்லாமல் பழக்கிவிடும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 130 எனில் எடை 246 கிலோ. இம்முறை வளர்ந்த குதிரைக்கே பொருந்தும்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிய குதிரையை நேரே மேய்ச்சலுக்கு விடலாகாது. தனியே நிறுத்தி, லத்தியைச் சோதித்து, மருந்தின் பலன் தெரிந்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். கொங்கு நாட்டில் கொறங்காடுகளைக் கிளுவை வேலியால் பகுத்து மேய்க்கும் வழக்கம் இங்கு மிகவும் கைகொடுக்கும். குதிரை மேய்ந்த பகுதியில் அடுத்து மாடுகளை விட்டால், குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைக்க மாட்டாமல் மாளும்.

வாரம் இருமுறை லத்தியை வாரிவிடும் சிரமத்தை ஏற்பவருக்கு மருந்துச் செலவு குறையும். வாராமல் கலைத்துப் பரப்புவதானால் சித்திரை, வைகாசி வெயிலில் மட்டுமே செய்து, சில வாரம் அந்நிலத்தில் குதிரையை விடாதிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பரப்புவது புழுவை விதைப்பதேயாகும்.

வாரிய லத்தியைக் கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் எட்டத்தில், நான்கடி உயரத்திற்குக் குறையாமல் வைக்கோல், சருகுடன் கலந்து குவிக்கலாம். பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகலாகாது. குவியலின் நடுவில் உஷ்ணம் 55 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறி முட்டையும் குஞ்சும் அழியும். மேற்புறம் அவ்வளவு சூடேறாதாதலால், மூன்று நான்கு முறையேனும் புறத்தை அகமாகப் புரட்டுதல் அவசியம். இரண்டு மூன்று மாதங்களில் நல்ல எரு ஆகும். புறம்போக்கு மேய்ச்சலில் பச்சை லத்தி கொட்டப்படுவதைக் கிராம அதிகாரிகள் தடுத்தல் நலம்.

குதிரை லத்தியில் இசிவுநோய்க் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். மக்கிய எருவிலும் அவை முற்றும் அழிந்தனவென்று கொள்ளலாகாது. காலில் புண்ணுடன் எருக்குழியில் இறங்குதல் வேண்டாம். ஆட்களும் குதிரைகளும் அதற்குரிய தடுப்பூசியைப் போட்டிருக்க வேண்டும்.