பழைய ஜீப்பும் நம் கைவேலையும்

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணக்கூடும். சந்து முனையில் ஒரு பழைய ஜீப் நிற்கும். அதன் பானட் திறந்திருக்கும். ஒருவர் எஞ்சினுக்குள் தலையை நுழைத்திருப்பார். அருகே இருவர் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பர். இதில் வியப்பொன்றுமில்லை. 1780ஆம் ஆண்டில் தோன்றியதும், தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றி வருவதுமான மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரியை அடுத்தே உள்ளது. படையினர் வாழும் ஊரில் ஜீப்பின் மீது பற்று வளர்வது இயல்பேயன்றோ?

இரண்டாம் உலகப் போரில் பிறந்தது இவ்வண்டி. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் இதனை லட்சக்கணக்கில் செய்து குவித்தன. போர் முடிந்தபின், நம் நாட்டில் எஞ்சிய ஜீப்புகள் ஏலத்தில் மக்கள் கைக்கு வந்தன. 1940களின் இறுதியிலேயே மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் வண்டிகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிற்று. முதல் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரை சக்தியும் உடையது. அடுத்து வந்த எஞ்சினில் ஒரு வால்வு தலைப்பகுதிக்கு ஏறியமையால் எஞ்சின் உயர்ந்தது. அதற்கு இடம் தரவே பானட்டும் உயர்ந்தது. நம் சாலைகளில் காணும் உயர்ந்த மூக்கு ஜீப்பின் கதை இதுவே.

இதன் பெருமை எளிமையில் இருக்கிறது. நாலைந்து ஸ்பேனரும் பொறுமையும் உடையவர் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் எதை முதலில் செய்வது என்பதிலேதான் நம்மவர் பலர் தவறுகின்றனர். பெரிய டயர், ஒளிவிளக்கு, புதுப் பெயிண்டு என்று தொடங்கி, பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே செய்தவர்கள்தாம். அதற்குக் கொடுக்க இருந்த விலையை இங்கே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்ல நம் ஜீப்பை ஆயத்தம் செய்தோம். நான்கு சக்கரங்களின் வீல் சிலிண்டர்களையும் கழற்றி, வழக்கம்போல் மண்ணெண்ணெயில் கழுவி, புதிய ரப்பர்களைப் போட்டுப் பூட்டினோம். வீட்டு வாசலில் பிரேக் நன்றாகவே பிடித்தது. கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் கருகிய வாடை வரத் தொடங்கிற்று. அதைப் பொருட்படுத்தாமல் சென்றோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கிற்று. பின்னால் குழந்தைகள் இருவர். முன்னும் பின்னும் லாரிகள். இரண்டாம் கியருக்கு இறக்கி, ஓரத்தை அணைத்து, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து ஒருவாறு நிறுத்தினோம். அன்று பிழைத்தது நம் திறமையால் அன்று.

காரணம் பின்னர் விளங்கிற்று. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். ஊதிய ரப்பர் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டு, பிரேக் ஷூவை டிரம்மிலேயே உரசவிடும். உரசலால் சூடு ஏறும். சூட்டால் பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்த ஆயிலில் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும் தன்மையது; ஆகவே பெடலும் அமுங்கும். பிரேக் உறுப்புகளைப் புதிய பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டும் என்னும் பாடத்தை அன்று கற்றோம்.

ஆகவே முதல் வேலை நிறுத்தம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை தாழும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை முழுவதும் மாற்றுதல் நலம். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குக. வலப்புறம் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான் உண்டு. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பூட்டுவித்தால், செலவிட்ட பணத்திற்கு அதைவிடச் சிறந்த பயன் வேறில்லை.

ஜாக்கி வைப்பவர்க்கு ஓர் எச்சரிக்கை. வில்லிஸ் வகை ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. பின்னச்சுக்குச் செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியவுடன், தூக்கிய சக்கரம் எதிர்ப்புறம் சுழலத் தரையிலுள்ள சக்கரம் உருண்டுவிடக்கூடும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமலும், சாஸிக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு வைக்காமலும் யாரும் அடியில் படுத்தலாகாது.

இரண்டாவது, ஸ்டியரிங். குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் நடுங்குமாயின் கிங் பின் பேரிங், டை ராடு முனைகள் ஆகியவற்றில் தேய்வு உண்டா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் பெரிய டயர் போடுவது நோயை வளர்ப்பதாகும். ஆதியில் இவ்வண்டிக்கு வகுத்த டயர் 6.00-16 அளவுடையது. அதனினும் மிகப் பெரிய டயர் போட்டால் பிரேக்கின் பிடி குறையும். எஞ்சின் இழுக்கத் திணறும். வேகமானியும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

மூன்றாவது, சூடும் பெட்ரோலும். நம் பெங்களூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் திறந்த நீர் இங்கு 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் கொதிநிலை உயரும். ஆதலின் தளர்ந்த மூடியைச் சிறு பொருளென்று எண்ணற்க. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. பெட்ரோலிலோ இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. அதைத் தாங்கும் வகையில் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் ஊதவோ வெடிக்கவோ கூடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிடுக. ஒழுகும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுமாயின் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, மின்சாரம். விளக்கு மங்கினால் உடனே புதுவிளக்கு வாங்க ஓடுகிறோம். பெரும்பாலும் குற்றம் எர்த் கம்பியில் இருக்கும். அது பூட்டிய இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கினால் ஒளி திரும்பும். ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே பூட்டினால் பழைய சுவிட்சு கருகாது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளியை 0.020 அங்குலத்திலும், பிளக்கின் இடைவெளியை 0.030 அங்குலத்திலும் வைப்பது பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு உரிய அளவு.

இவ்வளவும் முடிந்த பின்பே அலங்காரம். அதிலும் இருக்கை பெல்ட்டுக்கே முதலிடம் தருக. வெறுந் தகட்டில் பூட்டிய பெல்ட் விபத்தில் பிய்ந்து வந்துவிடும்; தகட்டுக்கு அடியில் தடித்த இரும்புப் பட்டை கொடுத்துப் பூட்ட வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்க எண்ணுவோர், கழற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை நாடுக. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியைக் கருநாடகத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்போர் இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பதும் நம் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி.

உதிரி வாங்க சிவாஜிநகரும் ஜே.சி. ரோடும் அருகிலேயே உள்ளன. பழைய கியரையும் கண்ணாடியையும் பேரம் பேசி வாங்கலாம். பிரேக் ரப்பர், ஹோஸ், ஷூ ஆகியவற்றில் மட்டும் பழையதும் வேண்டாம், மலிவும் வேண்டாம்.

பிழைப்பு தேடி வந்த ஊரில் நம் கையால் ஒரு வண்டியைச் சீர்செய்து, அதில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பிறந்த ஊர் செல்வது பெருமைக்குரியது. அந்தப் பெருமை ஊர் போய்ச் சேர்ந்தால்தான் முழுமை பெறும். அடுத்த பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெயிண்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஞாயிறே ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.