மூன்று நாளைக்கு நம் வீடு தாங்குமா?



மழை இல்லை என்று புலம்பித்தான் நமக்குப் பழக்கம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பிறந்தவர்களுக்கு வெள்ளம் என்றால் ஆற்றங்கரைக்காரர்களின் கவலை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்கள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. நம் கோவில்பட்டியிலும் சுமார் அரை மீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகளில் பலர் இரண்டு இரவுகள் அங்கேயே கிடந்தார்கள். அவர்களுக்கு முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர் மக்கள்தான். செய்துங்கநல்லூரில் வீட்டை விட்டு வெளியேறிய இந்துக் குடும்பங்களைப் பள்ளிவாசலில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். அரசு உதவி வராமல் இல்லை. ஆனால் சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்கு யார் வருவதென்றாலும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியும். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரம் பட்டதும் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் பெய்யும் மழை உள்ளே இறங்காது. தெருவிலும் வாசலிலும்தான் நிற்கும். ஊருணியில் தண்ணீர் தங்குவதும் இந்தக் குணத்தால்தான், மழை பலத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் இதனால்தான்.

ஆனால் வெள்ளத்தில் முதலில் தீர்ந்துபோவது குடிதண்ணீர். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்த டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் இருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகளும் மோட்டார்களும் குழாய்களும் சேதமடைந்தன. கோவில்பட்டிக்கு வரும் தண்ணீரும் அதே ஆற்றின் சீவலப்பேரியிலிருந்துதான். நம் ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும், ஆற்றில் வெள்ளம் வந்தால் நம் குழாய் வறண்டுபோகலாம். நிலத்தடித் தண்ணீரோ பல இடங்களில் உப்பு.

கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அதாவது மூன்று கேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரை இந்த மூன்று கேனைத் தனியாக மூடி வையுங்கள். பழையதை முதலில் எடுத்துப் புழங்கிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். சந்தேகமான தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடவேண்டும். ஆவி பறந்ததும் இறக்கிவிடுவது போதாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணீர் எப்போது வருமோ என்று தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. டெங்கு கொசுவுக்கு அதைவிட வசதி வேறில்லை. அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரை இறைத்துக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்த புழு கொசுவாகச் சுமார் எட்டு, பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே அலசி ஊற்றுவதால் பயனில்லை. வியாழக்கிழமை மாலையை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது.

உணவு விஷயத்தில் நம் பாட்டிமார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. குலுக்கையில் கம்பும் சோளமும், செம்மண் கட்டிய துவரையும் எந்த நாளும் இருந்தன. யூசுஃப் நபி (அலை) அவர்கள் பஞ்ச காலத்துக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதை ஓதியிருக்கிறோம். குதிரைவாலியை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தீட்டினால் சில மாதத்தில் காறல் அடித்துவிடும். இன்று வீட்டில் குலுக்கை வைக்க இடமில்லை, சரி. ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு அதிகமாக இருந்தால் போதும். அடுப்பே பற்றவைக்க முடியாத நாளுக்கு அவல், பொரிகடலை, பேரீச்சம்பழம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க் கடலைமிட்டாயை விடவா! தீப்பெட்டி ஊர்க்காரர்கள் நனைந்த தீப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. இரண்டு பெட்டியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

மருந்துதான் எனக்கு அதிகக் கவலை. நிவாரணப் பொருள் கொண்டுபோன இடத்தில் ஒரு மூதாட்டி அரிசிப் பையை வாங்காமல், "சுகர் மாத்திர இருக்காப்பா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. பிரஷர், சர்க்கரை, வலிப்பு, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கடைசி அட்டையைப் பிரிக்கும் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிட வேண்டும். மின்சாரம் இல்லாதபோது இன்சுலின் குப்பியைச் சின்னச் சட்டியில் மூடி, ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் நிழலில் வைக்கலாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பரணில். அந்த வெள்ளத்துக்கான 6,000 ரூபாயும் 1,000 ரூபாயும் குடும்ப அட்டையை வைத்துத்தான் கொடுக்கப்பட்டன. மின்சாரம் போனால் ஏ.டி.எம். ஓடாது, ஜிபே நடக்காது; சில்லறை நோட்டாக ஆயிரம், இரண்டாயிரம் அந்த உறையிலேயே இருக்கட்டும். பழைய பட்டன் போனைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு சார்ஜ் பல நாள் நிற்கும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108, மின்சாரப் புகாருக்கு 94987 94987. இந்த எண்களைச் சுவரில் எழுதுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்; நனைந்த கையோடு தொடாதீர்கள்.

பள்ளியின் நிக்காஹ் பதிவுப் புத்தகமும் காகிதம்தான், ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க. அதோடு ஒவ்வொரு தெருவிலும் படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், நிறைமாத கர்ப்பிணி, தனியாக வசிக்கும் முதியவர் யார் யார் என்று ஒரு பட்டியல் தேவை. நம் ஜமாஅத்தார் வீடுகள் மட்டுமல்ல, தெருவில் இருக்கிற எல்லா வீடும் அதில் வரவேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆ முடிந்ததும் தெருவுக்கு இருவர் பெயர் கொடுத்தால், ஐப்பசிக்குள் எழுதி முடித்துவிடலாம்.