கட்சிக்குள் அடங்காத கருத்து: டேவிட் மார்ஷலின் அரசியல் பிரவேசம்

பொதுவாழ்வில் ஈடுபட விரும்பும் ஒருவருக்கு முதலில் எதிர்ப்படும் கேள்வி, எந்தக் கட்சியில் சேருவது என்பதாகும். கொள்கை ஒத்துப்போகும் கட்சி ஒன்று இருந்துவிட்டால் கேள்வி அதோடு தீர்ந்தது. ஆனால் ஒரு கட்சியின் பொருளாதாரக் கொள்கை பிடிக்கிறது, அதன் மொழிக் கொள்கை பிடிக்கவில்லை. மற்றொரு கட்சியின் வேகம் பிடிக்கிறது, அதன் கூட்டாளிகளைப் பிடிக்கவில்லை என்ற நிலையில் உள்ளவர் என்ன செய்வார்? இருக்கின்ற கட்சிகளுள் ஒன்றில் சேர்ந்து உள்ளிருந்தே அதைத் திருத்த முயலலாம். புதிதாக ஒரு கட்சியைத் தோற்றுவிக்கலாம். எதுவும் வேண்டாமென்று சுயேச்சையாக நிற்கலாம். இம்மூன்று வழிகளிலும் நடந்து பார்த்த ஒருவர் நம் சிங்கப்பூர் வரலாற்றிலேயே இருக்கிறார். அவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல்.

மார்ஷல் 1908ஆம் ஆண்டு சிங்கப்பூரில், பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத மரபினரின் குடும்பமொன்றில் பிறந்தவர். லண்டனில் சட்டம் பயின்று, குற்ற வழக்குகளில் பெரும் புகழ் ஈட்டினார். போர்க்காலத்தில் தொண்டர் படையில் சேர்ந்து, ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஹொக்கைடோ தீவின் குளிரில் உழைக்கும்படி அனுப்பப்பட்டார். மக்கள் தொகையில் மிகச் சிறிய ஒரு சமூகத்தைச் சேர்ந்த அவருக்கு, "என் இனத்தார் வாக்களிப்பார்கள்" என்று நம்பியிருக்க இடமே இல்லை. அவர் கருத்துகளோ ஒரு கூடைக்குள் அடங்காதவை. குடியேற்ற ஆட்சி உடனே ஒழிய வேண்டும் என்பதில் இடதுசாரிகளைப் போல் தீவிரமானவர். அதே சமயம் கம்யூனிஸத்தை அடியோடு வெறுத்தவர். தொழிலாளர் நலத்தில் பிரிட்டிஷ் சமதர்மவாதிகளைப் பின்பற்றியவர். தனிமனித உரிமையிலோ பழைய தாராளவாதிகளைக் காட்டிலும் பிடிவாதக்காரர்.

போருக்குப்பின் அவர் முதலில் சேர்ந்தது முற்போக்குக் கட்சியில். 1947இல் தோன்றிய அக்கட்சி, ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர்களும் வணிகர்களும் நிறைந்தது. படிப்படியாகவே தன்னாட்சி வரவேண்டும் என்பது அதன் எண்ணம். பெயரில் இருந்த முற்போக்கு நடையில் இல்லை என்று கண்ட மார்ஷல் விலகினார். உள்ளே இருந்து திருத்தும் வழி அவருக்கு ஒத்துவரவில்லை.

1954இல் தொழிலாளர் முன்னணி உருவானபோது அவர் அதன் தலைவரானார். இதை அவர் தனியே தோற்றுவித்த கட்சி என்று எண்ணிவிடலாகாது. தொழிற்சங்கக் காங்கிரசில் செல்வாக்குப் பெற்றிருந்த லிம் யூ ஹாக்கின் ஆட்பலம் ஒரு பக்கம். மார்ஷலின் நாவன்மை மறுபக்கம். இரண்டும் சேர்ந்தே கட்சியாயின. ரெண்டல் அரசியல் சட்டத்தின்படி 1955 ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த தேர்தலில், தானாகவே பதிவு செய்யும் புதிய முறையால் வாக்காளர் பட்டியல் சுமார் 3 லட்சமாகப் பெருகியிருந்தது. முன்பின் வாக்களித்தறியாத இந்தப் புது வாக்காளர்களை நோக்கி, எம்பிரஸ் பிளேசில் மதிய உணவு வேளையில், "பழைய ஆப்பிள் மரம்" என்று பெயர் பெற்றுவிட்ட மரத்தடியில் நின்று மார்ஷல் முழங்கினார். கட்சியில் சேருங்கள் என்பதைவிட, குடியேற்ற ஆட்சியின் மீது தாம் தொடுத்த வழக்கைக் கேளுங்கள் என்பதே அந்தப் பேச்சுகளின் தோரணை.

தேர்ந்தெடுக்கப்படும் 25 இடங்களில் தொழிலாளர் முன்னணிக்கு 10 கிடைத்தன. முற்போக்குக் கட்சி 4 இடங்களோடு நின்றது. அதன் தலைவர் சி. சி. டானையே கேர்ன்ஹில் தொகுதியில் மார்ஷல் தோற்கடித்தார். முதல் தடவையாகத் தேர்தலில் இறங்கிய மக்கள் செயல் கட்சி பெற்றவை 3. மூன்று இடங்களை வென்ற கூட்டணியின் துணையோடு மார்ஷல் முதலமைச்சரானார்.

ஆட்சி அவருக்குக் கிடைத்ததேயன்றி அதிகாரம் கிடைக்கவில்லை. நிதி, சட்டம், பாதுகாப்பு ஆகியவை கவர்னரின் அதிகாரிகள் கையிலேயே இருந்தன. முதலமைச்சருக்கு ஓர் அலுவலக அறைகூட ஒதுக்கப்படவில்லை. "மரத்தடியில் மேசை போட்டுக்கொள்கிறேன்" என்று அவர் மிரட்டிய பிறகே, மாடிப்படியின் கீழ் ஒரு சிறு அறை கிடைத்தது. பதவியேற்ற மறுமாதமே ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் கலவரம் வெடித்து நால்வர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் துங்கு அப்துல் ரகுமானோடு பாலிங் சென்று, கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்துப் பேசினார்.

இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும், கட்சியில் அடங்காத அவருடைய தன்மையே பயன் தந்த இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று கல்வி. சீனப் பள்ளிகளின் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்த அக்காலத்தில், அதைத் தம் கட்சியின் தனிச்சொத்தாக்கிக் கொள்ளாமல், எல்லாக் கட்சியினரையும் கொண்ட குழுவொன்றை அவர் அரசாங்கம் 1955இல் அமைத்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த லீ குவான் யூவும் அதில் உறுப்பினர். 1956இல் வெளிவந்த அதன் அறிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. சீனக் கல்விக்கென்று அமைந்த குழுவின் அறிக்கையில் தமிழுக்கும் சம இடம் கிடைத்தது தமிழாசிரியர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

மற்றொன்று, மக்களை நேரில் சந்தித்துக் குறைகேட்கும் வழக்கம். முதலமைச்சரே உட்கார்ந்து, வருவோர் போவோர் முறையீட்டையெல்லாம் கேட்கும் ஏற்பாட்டை மார்ஷல் தொடங்கிவைத்தார். பிற்காலத்தில் அதைக் கட்சிகள் மேற்கொண்டு தொகுதி தோறும் வேரூன்றச் செய்தன. இன்றளவும் சிங்கப்பூரில் அது நடைபெறுகிறது.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். "கட்சிக்காரர்" என்பதற்கு நம் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. அரசியல் கட்சியின் உறுப்பினரும் கட்சிக்காரர். வழக்கறிஞரிடம் தம் வழக்கை ஒப்படைப்பவரும் கட்சிக்காரர். மார்ஷலுக்கு இரண்டாம் வகைக் கட்சிக்காரர் ஏராளம். முதல் வகையினர் மிகச் சிலர். மக்களின் வழக்கை அவர் எடுத்து வாதாடினார். வழக்கு முடிந்ததும் கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நீதிமன்ற வழக்கம். அரசியலிலும் அவருக்கு அதுவே நேர்ந்தது.

தன்னாட்சி பெற்றுத் தருவேன், தவறினால் பதவி விலகுவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். 1956 ஏப்ரலில் எல்லாக் கட்சியினரும் அடங்கிய குழுவோடு லண்டன் சென்றார். பேச்சு முறிந்தது உள்நாட்டுப் பாதுகாப்பில். இருதரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்பு மன்றத்திற்கு மார்ஷல் இணங்கினார். வாக்குகள் சமமானால் பிரிட்டிஷ் ஆணையரே முடிவு செய்வார் என்பதற்கு மட்டும் இணங்கவில்லை. கிடைத்ததை ஏற்கலாம் என்று எண்ணியவர்கள் அவர் குழுவிலேயே இருந்தனர். நாடு திரும்பி ஜூன் 7ஆம் நாள் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு லிம் யூ ஹாக் சென்றபோது, முடிவு செய்யும் வாக்கு மலாயாக் கூட்டரசின் பிரதிநிதிக்கு என்ற ஏற்பாட்டில் உடன்பாடு ஏற்பட்டது. சொன்ன சொல்லைக் காத்ததில் மார்ஷலைக் குறைகூற முடியாது. ஆனால் ஓராண்டு பொறுத்திருக்க அவரால் முடியவில்லை என்பதும் உண்மையே.

விலகியபோது கட்சி யாரிடம் நின்றது? தொழிற்சங்கங்கள் யாரிடம் இருந்தனவோ அவரிடம், அதாவது லிம் யூ ஹாக்கிடம். கட்சி என்பது கொள்கைகளின் தொகுப்பு மட்டுமன்று. சந்தா வசூலிப்பவர், சுவரொட்டி ஒட்டுபவர், தேர்தல் நாளில் முதியவரைக் கைபிடித்து அழைத்து வருபவர் ஆகியோரின் தொகுப்புமாகும். 1957 நவம்பரில் மார்ஷல் பாட்டாளிக் கட்சியைத் தோற்றுவித்தார். அடுத்த மாதமே நகராண்மைக் கழகத் தேர்தலில் அதற்கு 4 இடங்கள் கிடைத்தன. ஆயினும் 1959 பொதுத்தேர்தலில் ஓரிடமும் இல்லை. அவரே கேர்ன்ஹில்லில் லிம் யூ ஹாக்கிடம் தோற்றார். 1961 ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலில் 546 வாக்கு வித்தியாசத்தில் வென்றது பெரும் பரபரப்பாயிற்று. ஆனால் மக்கள் செயல் கட்சியோடு பிணங்கிய இடதுசாரிகளின் ஆதரவு அவர் பக்கம் திரும்பியதால் வந்த வெற்றி அது. இரவல் ஆட்பலம் நிலைக்கவில்லை. 1963 தொடக்கத்தில் தாம் நிறுவிய கட்சியையும் விட்டு விலகி, அவ்வாண்டு செப்டம்பரில் அதே ஆன்சனில் சுயேச்சையாக நின்றபோது அவர் பெற்றவை 416 வாக்குகளே. தொகுதி மக்கள் செயல் கட்சியின் பெருமாள் கோவிந்தசாமிக்குப் போயிற்று.

மார்ஷலின் குணமே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்வோர் உண்டு. கோபக்காரர், பொறுமையற்றவர் என்பது மெய்தான். எனினும் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் டத்தோ ஓன் ஜாபாரின் கதையைப் பார்த்தால், குணத்தை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது என்று விளங்கும். ஓன் 1946இல் அம்னோவை உருவாக்கியவர். ஆட்பலமும் அமைப்பும் அவரிடமே இருந்தன. அம்னோவின் கதவை எல்லா இனத்தவர்க்கும் திறக்க அவர் விரும்பினார், கட்சி இசையவில்லை. 1951இல் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியை அமைத்தார். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில், 12 இடங்களில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து 9 இடங்களை வென்றன. ஓனின் கட்சிக்கு 2. இனங்கள் ஒரே கட்சியில் கூடவேண்டும் என்றார் ஓன். தனித்தனிக் கட்சிகளாக இருந்துகொண்டே கூட்டுச் சேரலாம் என்று மற்றவர்கள் காட்டிவிட்டனர். கருத்தில் பாதியை எதிரிகள் எடுத்துக்கொண்டபின் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 1954இல் அவர் அமைத்த பார்ட்டி நெகாரா, மறு ஆண்டு 52 இடங்களில் ஒன்றையும் பெறவில்லை. 1959இல் கோலத் திரங்கானு செலாத்தான் தொகுதியில் வென்று அவர் நாடாளுமன்றம் புகுந்தார். 1962 ஜனவரியில் காலமானார்.

மார்ஷல் விட்டுச் சென்ற பாட்டாளிக் கட்சி பெயரளவில் கிடந்தது. அதை 1971இல் ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் ஏற்று நடத்தத் தொடங்கினார். பத்தாண்டுக் காலம் தோல்விமேல் தோல்வி கண்ட பின், 1981 அக்டோபர் 31ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரலாக நுழைந்தார். தொகுதி அதே ஆன்சன். அவ்வேளையில் மார்ஷல் பாரிஸ் நகரில் இருந்தார். அவர் எதிர்த்துப் போராடிய மக்கள் செயல் கட்சியின் அரசாங்கமே 1978இல் அவரைப் பிரான்ஸுக்குத் தூதராக அனுப்பியிருந்தது. 1993 வரை அவர் அப்பணியில் இருந்தார்.